நிரம்பியே இருந்த கட்டம்

காலை ஏழேகாலுக்குத் தேவகியின் அழைப்பு வந்தது. திலகா அப்போதுதான் கண் மையத்தின் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"மேடம், பஞ்சாட்சரம் பூட்டாரு."

"எந்தப் பஞ்சாட்சரம்?"

"எங்க ஊருதான். போன ஐப்பசியில வலது கண்ணு ஆபரேஷன் பண்ணீங்களே. ஒசரமா, காதுல கடுக்கன் போட்டுகினு."

"எப்போ?"

"ஆறு நாப்பது. நான் பக்கத்துலதான் இருந்தேன். கண்ணு காயக் கூடாதுன்னு ஃபேன நிறுத்திட்டேன். தலைக்கு ரெண்டு தலகாணி வச்சுட்டேன். கண்ணு மேல ஈரப் பஞ்சு போட்டுட்டேன். லிஸ்ட்ல கீறாரான்னு மட்டும் பாருங்க."

உத்திரமேரூர் கண் மையம் ஓர் அறக்கட்டளை நடத்துவது. சுற்றுக் கிராமங்களில் முகாம் போடும். புரை விழுந்தவர்களை வேனில் ஏற்றிவந்து ஆபரேஷன் செய்து, மறுநாள் கறுப்புக் கண்ணாடியோடு அவரவர் ஊரில் இறக்கிவிடும். ஊருக்கு ஒரு பெண் தன்னார்வலர். சாலவாக்கம் தாண்டி இருக்கும் ஊருக்குத் தேவகி. மையம் கொடுத்த போனோடு வீடு வீடாகப் போய், ஐம்பது வயது தாண்டியவர்களைப் பதிவு செய்ய வேண்டும். பதிவானவர் இறந்தால் மையத்துக்குச் சொல்ல வேண்டும். அவர் கண் தானத்துக்குச் சம்மதித்தவரா என்று மையம் பார்க்கும். சம்மதித்தவர் என்றால் காஞ்சிபுரத்திலிருந்து வண்டி வரும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும்.

பார்ப்பது திலகாவின் வேலை. பதிவுகள் வரி வரியாகப் போய்ச் சேரும் கம்ப்யூட்டர் டேபிளை உருவாக்கியதும் அவள்தான். பி.சி.ஏ. படித்துவிட்டுக் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவளை, மையத்தின் பொறுப்பாளர் தினகரன் அழைத்துவந்தார். "உனக்குத் தெரிஞ்ச மாதிரி ஒண்ணு பண்ணிக் குடும்மா. காகிதமே இருக்கக் கூடாது" என்றார். செய்து கொடுத்தாள். மூன்று வருடமாக ஓடுகிறது. இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினான்கு பேர்.

கம்ப்யூட்டரைப் போட்டுப் பெயரைத் தேடினாள். பஞ்சாட்சரம், அறுபத்தேழு, விவசாயக் கூலி. வலது கண் புரை, ஆபரேஷன் முடிந்தது. இடது கண் பரவாயில்லை. சர்க்கரை இல்லை. கடைசிக் கட்டம் கண் தானம். ஆம்.

காஞ்சிபுரத்துக்குப் போன் செய்தாள். கண் எடுக்கும் டெக்னீஷியன் அரவிந்தன், உடனே கிளம்புவதாகச் சொன்னான். பன்னிரண்டு நாற்பதுவரை நேரம்.

பிறகு தினகரனுக்குச் செய்தாள். குடும்பத்தாரிடம் பேசும் ஆலோசகர் பிரசவ விடுப்பில் இருந்தாள்.

"நீயே போய்ட்டு வாம்மா" என்றார் தினகரன்.

"எனக்குப் பேச வராது சார்."

"இன்னாத்தப் பேசப் போற? அவரு ஒத்துகினாரு, நாம போறோம். பையன்கிட்ட ஒரு கையெழுத்து. அவ்ளோதான்."

இதுவரை ஆறு பேரின் கண்கள் இந்த மையம் வழியாகப் போயிருக்கின்றன. ஆறு குடும்பங்களும் மறுபேச்சு இல்லாமல் கொடுத்தவை. அவர்களின் படங்கள் வரவேற்பறையில் வரிசையாக மாட்டியிருந்தன. ஏழாவதுக்கு இடம் இருந்தது.

எட்டே முக்காலுக்கு வண்டி வந்தது. அரவிந்தன் பக்கத்து இருக்கையிலிருந்த வெள்ளைப் பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவளுக்கு இடம் விட்டான்.

"நீங்க வர்றது நல்லதாப் போச்சு மேடம். எனக்கு எடுக்கத் தெரியும். கேக்கத் தெரியாது."

"எனக்கும் தெரியாது."

"சரியாப் போச்சு" என்று சிரித்தான்.

வழி நெடுக அறுவடை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ரோட்டில் பாதியை நெல் காயவைத்து மறித்திருந்தார்கள். சாலவாக்கம் தாண்டிப் போய்ச் சேர ஒன்பதரை ஆகிவிட்டது.

தெருமுனையில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஃபேன் ஓடவில்லை. பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு தலையணைமேல் தலை உயர்ந்து, கண்களில் பஞ்சோடு படுத்திருந்தார் பஞ்சாட்சரம். தலைமாட்டில் அவர் மனைவி எல்லம்மாள் அழுது ஓய்ந்திருந்தாள். தேவகி எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"கண்ணு தோண்ட வந்துட்டாங்கோ" என்றது ஒரு குரல். பஞ்சாட்சரத்தின் தம்பி எல்லப்பன். பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தோண்ட மாட்டாங்க சித்தப்பா. மேல ஒரு தோலு மாதிரிதான் எடுப்பாங்க. எடுத்ததே தெரியாது" என்றாள் தேவகி.

"உனுக்குத் தெரியும். நீ டாக்டருக்குப் படிச்சவ."

மகன் வினோத்குமார் முன்னால் வந்தான். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட். கம்பெனிச் சட்டையோடு நேராக வந்திருந்தான். திலகா தன் பெயரைச் சொல்லி, வந்த விஷயத்தைச் சொன்னாள். அவள் நினைத்ததைவிடச் சுருக்கமாக முடிந்துவிட்டது.

"எங்கப்பா சொன்னாரா?" என்றான் அவன்.

"ம்?"

"கண்ணக் குடுக்கறேன்னு அவரு சொன்னாரா மேடம்? ஏன் கேக்கறேன்னா, அவரு சொன்ன எதையும் நான் கேட்டதில்ல. ஐ.டி.ஐ. வேணாம்னாரு, சேர்ந்தேன். இதோ இவள வேணாம்னாரு, கட்டினேன்." உள்வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பூஜா, அவன் மனைவி. "எட்டு மாசமா ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசல. இது அவரு சொன்னதுதான்னா, எவன் தடுத்தாலும் நான் கையெழுத்து போடறேன்."

"போட்றா, போடு" என்றார் எல்லப்பன். "உயிரோட கீறப்போ ஒரு கண்ணாடி வாங்கிக் குடுத்தியா அந்தாளுக்கு? இப்ப கண்ணயே தூக்கிக் குடு."

வினோத்குமார் திரும்பிப் பார்க்கவில்லை. திலகாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் போனை எடுத்துப் பதிவைத் திறந்து காட்டினாள். அப்பாவின் பெயர்மேல் விரல் வைத்துப் படித்துக்கொண்டே கீழே வந்தான். கடைசிக் கட்டத்தில் நின்றான்.

"மா" என்றான். "அப்பா சொல்லிக்கீறாரும்மா."

எல்லம்மாள் தலையைத் தூக்கினாள். "இன்னானு?"

"கண்ண தானம் குடுக்கறேன்னு."

"என்கிட்ட சொல்லலியே."

"உன்கிட்ட இன்னாத்தச் சொன்னாரு அவரு."

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்து, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். வினோத்குமார் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தான். பேனாவுக்குக் கை நீட்டினான். அரவிந்தன் படிவத்தைப் பெட்டிமேல் வைத்துப் பிடித்துக்கொண்டான்.

பேனா முனை காகிதத்தைத் தொட்டது. பிறகு தூக்கிவிட்டான்.

"தேவகிக்கா, நீதான எழுதின?"

"ஆமாப்பா."

"இன்னானு சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு. எனக்கு அது வேணும்."

தேவகி திலகாவைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் திலகாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன், பதிவு தொடங்கிய முதல் வாரம். காலையிலிருந்து தன்னார்வலர்கள் மாற்றி மாற்றிப் போன் செய்தார்கள். சேவ் ஆகலை மேடம். சிவப்பா ஒரு கோடு வருது மேடம். திலகா பார்த்தாள். எல்லாருமே ஒரே கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். கண் தானம். ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்று இருந்தால்தான் டேபிள் வரியை ஏற்றுக்கொள்ளும். அவள்தான் அப்படி வைத்திருந்தாள். தினகரனிடம் போய்ச் சொன்னாள். முகாமுக்கு நாலு நாள்தான் இருந்தது. "ஆம்னே முதல்லயே போட்டு வச்சிடும்மா. வேணாம்னு சொல்றவங்களுக்கு மட்டும் மாத்திக்கட்டும்" என்றார். அதற்கு டீஃபால்ட் என்று பெயர். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் டேபிள் தானே போட்டுக்கொள்ளும் பதில். ஒரு வரி எழுதினாள். இரண்டு நிமிட வேலை. சிவப்புக் கோடு போனது. எல்லாருக்கும் சேவ் ஆனது. தேவகி போன் செய்து "சூப்பர் மேடம்" என்றாள்.

ஏன் எல்லாரும் அந்த ஒரு கட்டத்தை மட்டும் விட்டார்கள் என்று அவள் கேட்கவில்லை.

"சொல்லுக்கா" என்றான் வினோத்குமார்.

"நான் கேக்கல வினோத்து."

"கேக்கலன்னா?"

"எப்டிக் கேக்கறது?" என்றாள் தேவகி. "உயிரோட குந்திகினு கீற மனுஷன்கிட்ட, நீ செத்தா கண்ணக் குடுப்பியான்னு எப்டிக் கேக்கறது? கேட்டுட்டு வர்றேன், மறுநாள் அந்த வூட்ல ஒண்ணு ஆயிடுச்சுன்னா? என் நாக்குதான் காரணம்னுவாங்க. அதோட இந்தத் தெருவுல என்னால நடக்க முடியுமா? நான் மட்டுமில்ல, எந்த ஊர்லயும் யாரும் கேக்கறதில்ல. சர்க்கரை கீதான்னு கேப்போம், பீப்பி கீதான்னு கேப்போம். அது வந்தா தாண்டிப் போய்டுவோம். அதான் அதுவே ஆம்னு கீதே."

"நீ கேக்கல. அவரு சொல்லல." வினோத்குமார் ஒவ்வொன்றாகச் சொன்னான். "அப்போ ஆம்னு யாரு சொன்னது?"

ஷாமியானாவுக்குக் கம்பு அடிக்கும் சத்தம் மட்டும் வெளியே கேட்டது.

"நான்" என்றாள் திலகா.

"நீயா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா ஆம்னு இருக்கட்டும்னு நான்தான் வச்சேன்."

"எங்கப்பன உனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவன் பேனாவை அரவிந்தனிடம் கொடுத்துவிட்டான்.

"செத்தவன் ஓட்டப் போடறானுங்கோ பாரு, அந்தக் கதை" என்றார் எல்லப்பன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

திலகா வெளியே வந்து புங்கமரத்தடியில் நின்று தினகரனுக்குப் போன் செய்தாள். சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை.

"சரிம்மா. இதுல ஒண்ணும் கெட்டுப் போகல. சட்டப்படி பையன் சம்மதிச்சாப் போதும். அப்பன் சொல்லியிருக்கணும்னே இல்ல. அதப் புரியவை. ரெண்டு பேருக்குப் பார்வை வரும்னு சொல்லு. நேரத்தப் பாத்துக்கோ."

பத்தே முக்கால். உள்ளே போனாள். வினோத்குமார் அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தான். அவளும் தரையில் உட்கார்ந்தாள். சட்டப்படி நீங்களே கொடுக்கலாம் என்றாள். ரெண்டு பேருக்குப் பார்வை வரும் என்றாள். அவள் குரலே அவளுக்கு முகாம் ஒலிபெருக்கி மாதிரிக் கேட்டது.

அவன் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நான் குடுத்தா அது நான் குடுத்தது மேடம். அவரு வேணாம்னு நெனச்சிருந்தா? கடைசியாவும் நான் அவரு பேச்சக் கேக்கலன்னு ஆவும்." அப்பாவின் முகத்தைப் பார்த்தான். "சரி, குடுக்கல. அவரு குடுக்கணும்னு நெனச்சிருந்தா? அப்பவும் கேக்கலன்னுதான் ஆவும்."

"ஆமா" என்றாள்.

"வேணாம்னு யாருனா சொல்லியிருந்தா உங்க கம்ப்யூட்டர்ல தெரியுமா?"

"தெரியும். இல்லைன்னு மாத்தியிருப்பாங்க."

"எங்கப்பா அப்டி மாத்தல."

"மாத்தல. ஆனா அவர யாரும் கேக்கல."

"அப்போ அதுவும் இல்ல."

"இல்ல."

அவன் அம்மாவிடம் நகர்ந்து உட்கார்ந்தான். "மா, நல்லா யோசிச்சுப் பாரு. கண்ணப் பத்தி எப்பனா இன்னானா சொல்லிக்கீறாரா?"

எல்லம்மாள் வெகுநேரம் யோசித்தாள். கூட்டம் முழுக்க அவள் வாயைப் பார்த்தது.

"ஆபரேஷன் பண்ணிகினு வந்தாரே, அன்னிக்கு, செவுத்துல பல்லி ஓடறது தெரியுதுன்னாரு."

"அப்புறம்?"

"அவ்ளோதான். கஞ்சி ஊத்தச் சொன்னாரு."

பூஜா முன்னால் வந்து தண்ணீர்ச் செம்பைத் திலகாவிடம் கொடுத்தாள். தாழ்ந்த குரலில், "என்கிட்ட அவரு பேசினதே இல்லக்கா. பேசியிருந்தா சொல்லுவேன்" என்றாள்.

பதினொன்றரை. பன்னிரண்டு. அரவிந்தன் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பெட்டிக்குள் இருந்த ஐஸைப் பார்த்தான். ஒருமுறை திலகாவிடம் வந்து, "நான் எடுக்க இருபது நிமிஷம் வேணும்" என்றான். அதை வினோத்குமாரும் கேட்டான். எழுந்தான். எல்லாரும் நிமிர்ந்தார்கள். அப்பாவின் முகத்தருகே போய்க் குனிந்து பஞ்சுகளை எடுத்துப் பார்த்தான். உலர்ந்துபோயிருந்தன. தேவகி செம்பை நீட்டினாள். பஞ்சை நனைத்துப் பிழிந்து மறுபடி வைத்தான். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தான்.

பன்னிரண்டு ஐம்பதுக்குச் சின்ன லாரியில் ஃப்ரீசர் பெட்டி வந்து இறங்கியது. பஞ்சை எடுத்தார்கள். தலையணைகளை உருவினார்கள். யாரோ ஃபேனைப் போட்டார்கள். திலகா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டியில் ஏறினாள். சாவு வீட்டில் அப்படித்தான். இன்று அது வசதியாகவும் இருந்தது.

சாலவாக்கம் தாண்டியதும் அரவிந்தன், "'எங்கப்பா மாத்தல'ன்னானே, நீங்க ஆமான்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்தியிருந்தா அந்தாளு போட்டிருப்பான் மேடம்" என்றான்.

"தெரியும்."

"குத்தமா சொல்லல."

"தெரியும்."

பிற்பகல் மூன்று மணிக்கு டேபிளைத் திறந்தாள். எண்ணிப் பார்த்தாள். இல்லை என்று இருந்தவர்கள் முப்பத்தேழு பேர். ஆம், இரண்டாயிரத்து நூற்று எழுபத்தேழு. அந்த எழுபத்தேழுக்குள்ளும் நூற்றுக்குள்ளும் இரண்டாயிரத்துக்குள்ளும் உண்மையாகவே ஆம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். யார் என்று தெரியவில்லை. சொன்னவருக்கும் தன்னார்வலர் அந்தக் கட்டத்தைத் தொட்டிருக்க மாட்டாள். ஏற்கெனவே ஆம் என்று நிற்கும்போது எதற்குத் தொட வேண்டும்? சொன்ன ஆமும் சொல்லாத ஆமும் அதே எழுத்தில், அதே இடத்தில் இருந்தன. பதிவு செய்த நேரம் இருந்தது. அது வரி முழுமைக்கும் ஒன்று. பழைய பேக்அப்பை எடுத்துப் பார்த்தாள். அதிலும் இதேதான். காகிதம் இல்லை. காகிதமே இருக்கக் கூடாது என்பதுதான் மையத்தின் பெருமை.

ஆறு படங்கள் நினைவுக்கு வந்தன. எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

தினகரன் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் காலி பண்ணிடு. புதுசாக் கேப்போம்."

"நெஜமா சொன்னவங்க இருக்காங்க சார். அவங்க சொன்னதும் போயிடும்."

"அப்போ அப்படியே விடு."

"விட்டா நாளைக்கே இன்னொரு வீட்டுக்குப் போய் நிப்போம்."

"காலி பண்ணவும் வேணாம், விடவும் வேணாம்னா இன்னாதாம்மா பண்றது?"

"தெரியல சார்."

அவர் திரையைப் பார்த்தார். "நான்தான போடச் சொன்னேன்" என்றார். எழுந்து போய்விட்டார்.

டீஃபால்ட்டை எடுத்தாள். மறுநாள் காலை மூன்று பேர் போன் செய்தார்கள். சேவ் ஆகலை மேடம், சிவப்பா வருது. அதனால் மூன்றாவதாக ஒரு பதிலைச் சேர்த்து, அதை டீஃபால்ட்டாக வைத்தாள். 'கேட்கவில்லை' என்பதுதான் அந்தப் பதில். அன்று பதினொரு பேர் புதிதாகப் பதிவானார்கள். பதினொரு பேருக்கும் கேட்கவில்லை என்று இருந்தது.

ஆனால் அது இனி வருகிறவர்களுக்கு. டீஃபால்ட்டை மாற்றினால் புதிய வரிகள்தான் மாறும். ஏற்கெனவே விழுந்தது விழுந்ததுதான்.

அடுத்த திங்கட்கிழமை தேவகியே போன் செய்தாள். "எங்க ஊர்ல அறுபத்து மூணு பேரு. நீங்க வாங்க மேடம், ரெண்டு பேருமாக் கேப்போம். நான் தனியா மாட்டேன்."

டவுன் பஸ்ஸில் போனாள். முதல் வீட்டில் ஆள் இல்லை. இரண்டாவது வீட்டில் ஆள் இருந்தும் இல்லை என்றார்கள். உள்ளே இருமல் கேட்டது. மூன்றாவது வீட்டில் ஒரு மருமகள் வாசலிலேயே நிறுத்தி, "பஞ்சாட்சரம் மாமாவக் கேக்காமயே கண்ணுக்கு வந்து நின்னீங்களாமே. எங்க மாமனார் நல்லாத்தான் கீறாரு. எயுந்து நடக்கறாரு. போங்க" என்றாள். அறுபத்து மூன்று பேர்மேலும் அந்தச் செய்தி போய் உட்கார்ந்திருந்தது. லிஸ்டில் பெயர் இருந்தால் வண்டி வரும். இனிக் கேட்டால் கிடைப்பது அந்த வண்டிக்கான பதில். மூன்று வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது அல்ல.

"இன்னும் நாலு வூடு பாப்போம்" என்றாள் தேவகி. தெருத் திரும்பியதும் நின்றாள். "மேடம், எனக்கு ஒண்ணு நெனப்பு வருது. ராணியம்மா கீறாங்களே, கோடியில, அவங்க சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"நான் கேக்கல. அவங்களா சொன்னாங்க. அந்தக் கட்டம் என்னாடின்னாங்க, படிச்சுக் காட்டினேன். இந்த நொள்ளக் கண்ணு எவளுக்கு ஆவும், ஆவும்னா எடுத்துகினு போய் அவளாவது நல்லா பாக்கட்டும்னு சிரிச்சாங்க. அவங்க ஒருத்தங்கதான். நெஜமாச் சொன்னது."

திலகா வேகமாக நடந்தாள்.

ராணியம்மாள் வாசலில் உட்கார்ந்து துவரங்காய் உரித்துக்கொண்டிருந்தார். அறுபது இருக்கும். இரண்டு கண்ணிலும் புரை. புதன்கிழமை முதல் கண்ணுக்கு ஆபரேஷன். நாள் குறித்த சீட்டைத் தேவகிதான் போன மாதம் கொடுத்திருந்தாள்.

"யாரு, தேவகியா? கூட யாரு?"

"மையத்து மேடம்மா."

கை நின்றது.

"அம்மா, நீங்க மூணு வருஷம் முன்னாடி ஒண்ணு சொன்னீங்களாம். உங்க கண்ணு..."

"என் பேர எடுத்துடு" என்றார் ராணியம்மாள்.

"அம்மா, நீங்களாவே சொன்னீங்கன்னு தேவகி அக்கா..."

"சொன்னேன். யாரு இல்லன்னா? அப்போ சொன்னேன். இப்போ என் புள்ள வேணாம்ன்றான். எங்க வூட்லயும் வண்டி வந்து நின்னா அசிங்கம்ன்றான். எடுத்துடும்மா. என்னாத்துக்கு வம்பு?"

திலகா போனைத் திறந்தாள். ராணியம்மாள். கண் தானம். ஆம். இந்த டேபிளில் யார் சொன்னது என்று அவளுக்குத் தெரிந்த ஒரே ஆம். விரலை வைத்து இல்லை என்று மாற்றினாள்.

"எடுத்துட்டேன்மா."

"படி."

"இல்லைன்னு போட்டிருக்கேன்."

"ஆபரேஷனு?"

"அது இருக்கு. அது வேற, இது வேற. புதன்கிழமை வேன் வரும். ஏறி வந்துடுங்க."

"அதுவும் வேணாம். பேரே வேணாம் அந்த லிஸ்ட்ல."

"அம்மா, ரெண்டு கண்ணுலயும் முத்திப் போச்சு. இன்னும் விட்டா..."

"தெரியும்டி" என்று தேவகி பக்கம் திரும்பிச் சொன்னார். "என் கண்ணு, எனக்குத் தெரியாதா?"

ராணியம்மாள் மடியிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் செருகியிருந்த ஆபரேஷன் சீட்டை எடுத்தார். நாலாக மடித்திருந்தது. மடிப்பைப் பிரித்து, தடவி நேராக்கி, நீட்டினார். திலகா நின்றிருந்த பக்கமும் அல்ல, தேவகி நின்றிருந்த பக்கமும் அல்ல.

திலகா நகர்ந்து போய் அந்தக் கைக்கு நேராக நின்று வாங்கிக்கொண்டாள்.